மூணாவது பேஸ்

காகிதத்தில் பிளான் போட்டுக் காட்டினால் யாருக்கும் புரிவதில்லை என்பது வயர்மேன் காளியப்பனின் இருபத்தெட்டு வருஷ அனுபவம். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பைப் அடித்து முடித்த பிறகு "இந்த லைட்டு இங்க வேணாமே" என்பார்கள். அதனால் அவர் சுவரிலேயே சாக்பீஸால் போட்டுவிடுவார். மெயின் பெட்டிக்கு ஒரு கட்டம், லைட்டுக்கு வட்டம், சுவிட்சுக்குப் பெருக்கல் குறி. வீட்டுக்காரர்கள் கட்டத்தில் ஆரம்பித்து விரலால் தடவிக்கொண்டே போய்த் தங்கள் லைட்டைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். கடத்தூர் வட்டாரத்தில் பாதி வீடுகளுக்கு அப்படித்தான் கரண்ட் போயிருக்கிறது.

அன்றைக்கு வந்து அரைமணி நேரமாகியும் சுவரில் ஒரு கோடு விழவில்லை. சாக்பீஸை விரலுக்குள் உருட்டிக்கொண்டே நின்றார்.

தங்கச்சி பானுமதியின் வீட்டுக்குப் பின்னால் ஒட்டினாற்போல இருந்தது அந்தத் தச்சுப் பட்டறை. மூன்று பக்கம் ஹாலோ பிளாக் சுவர், மேலே தகரம், முன்னால் இரும்பு ஷட்டர். ஜன்னல் கிடையாது. ஜன்னல் வைத்தால் சாரல் அடித்து மரம் நனையும், சாமான் திருட்டுப் போகும் என்று கட்டும்போது வைக்கவில்லை. நடுவில் அறுப்பு மிஷின். அதன் மேல்பலகை புதுசாக வெள்ளைவெளேரென்று இருந்தது. பழைய பலகையில் ரத்தம் ஊறிவிட்டதென்று பானுமதி அதைப் பிரித்து, பிளந்து, வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டாள். ஐப்பசியில் நடந்தது. இப்போது மாசி.

"என்னண்ணா, அளக்காம நிக்கற?" என்று டேப்பை நீட்டினாள் பானுமதி.

"அளவு என்னா புதுசா? நான் போட்டதுதான."

"அதுதான் நானும் சொல்றேன். பழையபடியே போட்டுடு. எலி கடிச்ச வயரையெல்லாம் மாத்திட்டு, அதே மாதிரி நாலு டியூப்லைட்டு. நல்லம்பள்ளி வாத்தியாரு வூட்டுக்கு ரெண்டு நிலைக்கால், ஆறு ஜன்னல் ஆர்டர் பிடிச்சிருக்கேன். பங்குனிக்குள்ள குடுக்கணும்."

"யாரு அறுக்கிறது?"

"நாந்தான்."

அவள் அதைச் சொன்ன விதத்தில் வீம்பு இல்லை. உலை வைக்கப் போகிறேன் என்பதுபோலச் சொன்னாள். பதினொரு வருஷமாக அந்த மிஷினுக்கு அந்தப் பக்கம் நின்று, புருஷன் தள்ளும் பலகையை வாங்கி இழுத்தவள். அளவு தெரியும், மரம் எங்கே பிளேடைக் கவ்வும் என்று தெரியும். இனி இந்தப் பக்கம் வந்து நிற்கப் போகிறாள். அவ்வளவுதான் வித்தியாசம் என்பது அவள் கணக்கு. காளியப்பனின் கண் அந்த இரண்டு எட்டு தூரத்தை அளந்து, பிளேடு வரும் பள்ளத்தில் போய் நின்றது.

"மாப்ளையை பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்குக் கூப்புட்டாங்கன்னியே?"

"ஒத்தக் கையோட எவன் கேட்டைத் தொறக்கச் சொல்லுவான்? அதெல்லாம் சும்மா சொல்றாங்க. அவரு வூட்டுலயே கெடக்கட்டும். இழைக்கிறது, பாலிஷ் போடறது பார்க்கட்டும். மிஷின் பக்கம் மட்டும் அவர வுட மாட்டேன்."

அவர் என்று அவள் சொன்ன ஆள், மாதவராஜ், ஷட்டர் ஓரத்தில் ஒரு கவிழ்த்த பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்திருந்தான். வலது கையில் பெருவிரல் மட்டும் மிச்சம். அந்தக் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு, வெளியே பூ கொட்டிக் கிடந்த மாமரத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பதற்கு முகத்தில் ஒரு அடையாளமும் இல்லை.

பழையபடி என்றால் என்ன என்பதைச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்துக் கிராமத்து லைனில் மூணு பேஸ் கரண்டும் நாள் முழுக்க வராது. காலையில் ஒன்பதுக்கு விட்டால் சாயங்காலம் நாலு மணி வரை. அப்புறம் ஒரு பேஸைப் பிடுங்கிக்கொண்டு ரெண்டை மட்டும் விடுவார்கள். வீட்டு விளக்குக்கும் டிவிக்கும் அந்த ரெண்டு போதும், மோட்டாருக்குப் போதாது. போதாத கரண்டில் மோட்டார் ஓடினால் சூடேறி உள்ளே சுற்றியிருக்கும் காயில் கம்பி கருகிவிடும். அதனால் கிணற்று மோட்டார் ரூமில் ஒரு குண்டு பல்பை, பிடுங்கப்படும் அந்த மூணாவது பேஸில் மாட்டி வைப்பார்கள். பல்பு எரிந்தால் மூணும் இருக்கிறது. அணைந்தால் ஓடிப்போய் மோட்டாரை நிறுத்து. வரப்பிலிருந்து பார்த்தாலே தெரியும். காளியப்பன் இதுபோல ஐம்பது அறுபது மோட்டார் ரூமுக்குப் போட்டிருப்பார்.

தங்கச்சி புருஷன் பட்டறை வைத்தபோது அதே யோசனையைத்தான் கொண்டு வந்தார். நாலு டியூப்லைட்டையும் மூணாவது பேஸில் கொடுத்தார். பேஸ் போனால் மோட்டாரைத் தானே நிறுத்தும் பிரிவென்டர் பெட்டி ஒன்று கடையில் கிடைக்கிறது. "லைட்டே சொல்லிடும்போது பெட்டி எதுக்கு?" என்று அன்றைக்குச் சிரித்தவரும் இவர்தான். ஊரில் நாலு பேர் வந்து பார்த்துவிட்டு, வயர்மேனுக்கு மூளை சும்மா இல்லை என்றார்கள். காளியப்பனுக்குச் சட்டை கொஞ்சம் இறுகியது அன்றைக்கு.

கிணற்று மோட்டார் பூமிக்குள் ஓடுகிறது. அறுப்பு மிஷினின் பிளேடு மனிதனின் கைக்குப் பக்கத்தில் ஓடுகிறது. இந்த ஒரு வித்தியாசம் அவ்வளவு பெரிய மூளைக்கு எட்டவில்லை.

"சாப்புட்டுட்டு ஆரம்பி வா" என்று பானுமதி கூப்பிட்டாள்.

களி கிண்டியிருந்தாள். கொள்ளுக் குழம்பு, முருங்கைக் கீரை. மூன்று பேரும் சமையலறையிலேயே தரையில் உட்கார்ந்தார்கள். களியைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து விழுங்குவதற்குப் பழகிய கை வேண்டும். மாதவராஜுக்கு இடது கை இன்னும் பழகவில்லை. கிள்ளினால் உருண்டை முழுக்கக் கூடவே வந்தது. பானுமதி தன் தட்டிலிருந்து கையெடுத்து, அவன் களியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளிப் போட்டாள். அவன் தலை நிமிராமல் தின்றான்.

"இப்பல்லாம் சாராய வாசனை கூட புடிக்கறதில்ல" என்றாள் பானுமதி, அவன் அங்கே இல்லாததுபோல. "தீர்த்தமலைக்குக் கூட்டிட்டுப் போனேன் இல்ல, ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுவாரம். தீர்த்தத்துல தலைய நனைச்சு, சாமி முன்னால நிக்கவச்சுக் கேட்டேன். அன்னிக்குக் குடிச்சிருந்தியா, இல்லையான்னு. அதுவரைக்கும் இல்ல இல்லன்னு சாதிச்சவரு, அங்க ஒத்துக்கிட்டாரு. ஆமா, குடிச்சிருந்தேன், இனிமே தொட மாட்டேன்னு சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணினாரு."

"சரி வுடு. நடந்தது நடந்துபோச்சு."

"நடந்தது நடந்துபோச்சுதான். குடிச்சது கூடப் பெருசா தெரியலண்ணா. பொய் சொன்னாரு பாரு. கை துண்டாயிக் கெடக்கறப்பவும், லைட்டு போயிடுச்சு, லைட்டு போயிடுச்சுன்னு. மணி ரெண்டேகால். நாலு மணிக்குப் போற லைட்டு ரெண்டேகாலுக்கு எப்படிப் போவும்? நீ மட்டும் அன்னிக்கு ஆஸ்பத்திரியில சொல்லலைன்னா நான் நம்பியிருப்பேன்."

காளியப்பன் தண்ணீர்ச் சொம்பை எடுத்து அண்ணாந்து குடித்தார். தண்ணீர் தீர்ந்த பிறகும் சொம்பு கொஞ்ச நேரம் வாயருகே இருந்தது.

அன்றைக்குச் சொன்னது அவருக்கு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. தர்மபுரியில் ஆஸ்பத்திரி வராந்தாவில், புடவை முழுக்க ரத்தத்தோடு பானுமதி அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அண்ணா, இன்னிக்கு மூணு பேஸ் முன்னாடியே போயிடுச்சா?" அவர் சொன்னார்: "இல்லம்மா. எப்பவும்போல நாலு மணிக்குத்தான் போச்சு."

பச்சைப் பொய். அன்றைக்கு இரண்டேகாலுக்கே போய்விட்டது. அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான். விடாமல் மழை. மழைநாளில் எவன் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவான்? மோட்டார் ஓட்டாத ஊருக்கு மூணாவது பேஸ் போனது எப்படித் தெரியும்? வீடுகளில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. காளியப்பன் மட்டும் ஊருக்குக் கிழக்கே ஒரு மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேலே குண்டு பல்பு இரண்டு தடவை சிமிட்டிவிட்டு அணைந்தது. செல்போனில் மணி பார்த்தார். "இன்னிக்கு சீக்கிரமே புடுங்கிட்டானுங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பீடி பற்றவைத்தார்.

அதே நேரத்தில்தான் இங்கே, பானுமதி வீட்டுக்குள் போயிருந்தபோது, சாரலுக்காக ஷட்டரை இறக்கிவிட்டுத் தனியாக வேலை செய்துகொண்டிருந்தவனுக்கு நாலு டியூப்லைட்டும் ஒன்றாக அணைந்தன. மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அலறல் கேட்டு ஓடி வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் மெயினை இறக்கிவிட்டார்கள். அப்புறம் எந்த லைட்டு எப்போது போனது என்று யார் பார்ப்பார்கள்? முந்தின நாள் சனிக்கிழமை. லோடு ஆட்களோடு மாதவராஜ் கொஞ்சம் குடித்திருந்தான் என்பது ஊருக்கே தெரியும். ஊருக்கு அதுவே போதுமாக இருந்தது.

பொய் சொல்ல வேண்டும் என்று காளியப்பன் நினைத்துச் சொல்லவில்லை. ஆமாம், முன்னாடியே போய்விட்டது என்று சொன்னால் அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று அவருக்குள் ஒருவன் சட்டென்று கணக்குப் போட்டுவிட்டான். அந்த ஒருவனை அவர் அதற்கு முன் சந்தித்ததில்லை. நாலு மாதமாகத் தினமும் சந்திக்கிறார்.

சாப்பிட்டுவிட்டு வந்து, ஒரு வைராக்கியத்தோடு சாக்பீஸை எடுத்தார். பேசாமல் சரியாகப் போட்டுக் கொடுத்துவிடுவது. அதுதான் வழியெல்லாம் அவர் யோசித்துக்கொண்டு வந்தது. யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. இனிமேல் இந்தப் பட்டறையில் இருட்டே வராதபடி பண்ணிவிட்டால், செய்த பாவத்துக்கு அதுவே ஈடு.

முதலில் மெயினுக்கு ஒரு கட்டம். அதிலிருந்து மிஷினுக்குத் தனியாக ஒரு தடித்த கோடு. லைட்டுக்கு வேறு இரண்டு கோடுகள், வேறு வேறு பேஸிலிருந்து, கோளாறு வந்தால் தானே விழும் ட்ரிப்பர் சுவிட்ச் தனித்தனியாக வைத்து. இடது சுவர் லைட்டுகள் ஒன்றில், வலது சுவர் லைட்டுகள் இன்னொன்றில். மிஷினுக்கு நேர் மேலே ஒரு வட்டம் போட்டு, அதைச் சுற்றி இன்னொரு வட்டம் போட்டார்.

"அது என்னாண்ணா ரெண்டு வட்டம்?"

"பேட்டரி லைட்டு. கரண்டு சுத்தமா போனாலும் எரியும்."

"லைட்டெல்லாம் ஒரே லைன்லதான இருந்துச்சு?"

"ஒரே பக்கம் லைட்டு இருந்தா உன் கை நெழலே பிளேடு மேல வுழும். ரெண்டு பக்கமும் வேணும்."

"அதுக்கில்ல. மூணாவது பேஸ் எங்க? லைட்டு அணைஞ்சா தான மிஷினை நிறுத்தணும்னு தெரியும். எனக்கு என்னா தெரியும், மோட்டார் கருகிப் போச்சுன்னா? உன் யோசனைதான, நல்ல யோசனையாச்சே. அதை எதுக்கு மாத்தற?"

"மோட்டாருக்குப் பிரிவென்டர் பெட்டி வச்சுடறேன். அதுவே நிறுத்திக்கும்."

"பதினொரு வருஷமா இல்லாத பெட்டி இப்ப எதுக்கு?"

"இப்ப புது ரூல் வந்திருக்குதும்மா. பட்டறைக்கெல்லாம் இப்படித்தான் போடணுமாம்."

வாய்க்கு வந்தது. அவ்வளவு சுலபமாக வந்ததுதான் அவருக்கே அருவருப்பாக இருந்தது. ஒரு பொய்க்குப் பழகிய வாய், அடுத்ததற்கு அனுமதி கேட்பதில்லை.

பெயிண்ட் டப்பாவிலிருந்து மாதவராஜ் எழுந்து வந்தான். சுவருக்கு முன்னால் நின்று, கட்டத்தில் இடது கைவிரலை வைத்து, கோட்டின் மேலேயே தடவிக்கொண்டு போனான். தச்சன். கோடு என்றால் அவனுக்குப் புரியும். இடது சுவர் முடித்து, வலது சுவர் முடித்து, இரட்டை வட்டத்தில் வந்து நின்றான். விரல் அங்கேயே இருந்தது.

"மச்சான், லைட்டுக்கு ரெண்டு பேஸ் எடுத்திருக்கீங்க."

"ஆமா மாப்ள."

"ஒண்ணு போனாலும் பாதி லைட்டு நிக்கும்."

"நிக்கும்."

"ரெண்டும் போனாலும் இது நிக்கும்."

"ஆமா."

மாதவராஜ் திரும்பினான். ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவன் காளியப்பனை நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான். கோபமாகப் பார்க்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் காளியப்பன் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பார்.

"மூணு பேஸ் எப்பவும் நாலு மணிக்குத்தான் போவுதுன்னா, மூணே முக்காலுக்கு மிஷினை நிறுத்திட்டாப் போதுமே. இதெல்லாம் எதுக்கு மச்சான்?"

தகரத்தின் மேல் வெயில் சடசடத்தது. பானுமதி சிரித்தாள். "அதைத்தான் நானும் கேக்கறேன். இவருக்கே தெரியுது பாரு."

காளியப்பன் சாக்பீஸை மிஷின் பலகையின் மேல் வைத்தார். அது உருண்டு பிளேடு வரும் பள்ளத்தில் விழுந்தது. எடுக்கவில்லை.

"அன்னிக்கு நாலு மணிக்குப் போவல" என்றார்.

இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

"ரெண்டேகாலுக்கே போயிடுச்சு. நான் கெழக்க மோட்டார் ரூம்ல இருந்தேன். என் கண்ணு முன்னால பல்பு அணைஞ்சுது. மணி பார்த்தேன். மாப்ள சொன்னது நெசம். லைட்டு போயிடுச்சு. நான் போட்ட லைட்டு. மிஷின் ஓடறப்ப அணையற மாதிரி நான்தான் போட்டேன்."

பானுமதியின் வாயில் அந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை எப்படி எடுத்துவிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஆஸ்பத்திரியில..." என்றாள்.

"பொய் சொன்னேன்."

"என் கையைப் புடிச்சுக்கிட்டுச் சொன்ன."

"ஆமாம்மா."

அவள் அழுவாள், அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நாலு மாதமாக எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருந்தார் காளியப்பன். அவள் அவர் பக்கமே திரும்பவில்லை. புருஷனிடம் போனாள். அவன் துண்டைப் பிடித்துக்கொண்டாள், கையைப் பிடிக்கத் துணிவில்லாததுபோல.

"அப்ப எதுக்குய்யா குடிச்சேன்னு ஒத்துக்கிட்ட? மலை மேல, சாமி முன்னால, சூடத்தை அணைச்சு சத்தியம் பண்ணினியே. எதுக்குப் பண்ணின?"

மாதவராஜ் அவள் பிடித்திருந்த துண்டைப் பார்த்தான்.

"நீ அஞ்சு நாளா சோறு திங்கல" என்றான். "இல்ல இல்லன்னு சொல்லச் சொல்ல, தட்டைத் தள்ளி வச்சுட்டு எழுந்து போய்ட்ட. அன்னிக்கு ஆமான்னு சொன்னேன். கீழ எறங்கி வந்து ரெண்டு இட்லி தின்ன."

பானுமதி அப்படியே மரத்தூளில் உட்கார்ந்துவிட்டாள். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"அப்புறம் சொல்லிச் சொல்லி எனக்கே சந்தேகம் வந்துடுச்சு பானு. குடிச்சுத்தான் இருந்தேனோ என்னமோன்னு. ராத்திரி படுத்துக்கிட்டு நெனைச்சுப் பார்ப்பேன். எந்தக் கடை, யாரு கூடன்னு. வராது. வராததனால ரொம்பக் குடிச்சிருப்பேன்னு நெனைச்சுக்கிட்டேன்."

காளியப்பனுக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. இரண்டு எட்டு வைத்து அவன் முன்னால் போனார். காலில் விழுவதா, கையைப் பிடிப்பதா என்று தெரியாமல், "மாப்ள" என்று மட்டும் சொன்னார். மாதவராஜ் விலகி, ஷட்டர் பக்கம் போய் நின்றுகொண்டான். வெறுப்பில் விலகியதாகக்கூடத் தெரியவில்லை. வழி விட்டதுபோல இருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

பானுமதி எழுந்தாள். புடவையில் ஒட்டிய தூளைத் தட்டினாள். குரல் மாறியிருந்தது.

"வேற எங்கெல்லாம் இப்படிப் போட்டிருக்க?"

"எப்படி?"

"மிஷின் ஓடற எடத்துல, அணையற லைட்டு. மோட்டார் ரூமைச் சொல்லல. ஆளு நின்னு வேலை செய்யற எடம்."

அவர் அதை யோசித்ததே இல்லை. தன் பொய்யைச் சுமப்பதிலேயே நாலு மாதம் போய்விட்டது. இப்போது யோசித்தார். கைவிரலில் எண்ண ஆரம்பித்து, மூன்றில் நின்றார்.

"இன்னாசி வெல்டிங் பட்டறை. அவன் இப்ப ஓசூர் போயிட்டான், பூட்டிக் கெடக்குது. பைபாஸ்ல தேங்காநார் மிஷின் ஒண்ணு. அப்புறம், ராமக்கா மாவு மில்லு."

"ராமக்கா தனியாத்தான் மில்லுல இருக்கும்?"

"தனியாத்தான்."

"ரெண்டு ஆளு ஒசரத்துக்கு பெல்ட்டு ஓடும். புடவை முந்தானையை இழுத்துச் சொருகக் கூட அதுக்கு நேரம் இருக்காது. மணி என்னா இப்ப?"

செல்போனைப் பார்த்தார். "ஒண்ணே முக்கா. மூணு பேஸ் நாலு வரைக்கும் இருக்கும்மா. நாளைக்குக் காலையில நேரா போய்..."

"அன்னிக்கும் நாலு வரைக்கும்தான் இருந்துச்சு" என்றாள் பானுமதி.

அவர் கிளம்பினார். டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தார். கோடுகள் பாதியில் நின்றிருந்தன. வலது சுவருக்கு சுவிட்ச் எங்கே என்று இன்னும் குறிக்கவில்லை.

"சாயங்காலம் வந்து மிச்சத்தைப் போட்டுடறேன்."

"வேணாம். எழுதினது இருக்கட்டும், அதைப் பார்த்து வேற ஆளு போட்டுக்குவான்." அவள் அவரைப் பார்க்காமல்தான் சொன்னாள். "நீ இந்த வூட்டுக்கு வராத. நானா கூப்புடற வரைக்கும் வராத."

அவள் கூப்பிட மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அப்பன் ஆத்தா இல்லாமல் அவர் தூக்கி வளர்த்த பிள்ளை. அவள் வைராக்கியம் அவர் கொடுத்ததுதான்.

வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து, ராமக்காளின் நம்பரைத் தேடிப் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் போட்டார். மில் ஓடிக்கொண்டிருந்தால் எட்டடி தூரத்தில் இருக்கும் போன்கூட அவளுக்குக் கேட்காது. எடுக்கவில்லை என்றால் மிஷின் ஓடுகிறது, மிஷின் ஓடுகிறது என்றால் பேஸ் இன்னும் போகவில்லை என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டார். அடுத்த நொடியே அந்தச் சமாதானத்தின் ஓட்டையும் தெரிந்தது. ஐப்பசியில் பேஸ் போன பிறகும் அந்த மிஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மூன்றாவது தடவை மணி அடிக்க விட்டு, போனைச் சட்டைப் பையில் அப்படியே போட்டுக்கொண்டு, வண்டியை உதைத்தார். மில்லுக்கு ஒன்பது கிலோமீட்டர். வழியெல்லாம், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், அவர் கையால் மாட்டிய குண்டு பல்புகள் மோட்டார் ரூம் வாசல்களில் பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் திரும்பிப் பார்த்து, எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போனார்.